முகம் தெரியாதவரோடு வாதம்: லாபமா, நஷ்டமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஒரே கொண்டாட்டம்தான். போட்டோக்களைப் போல்டர் போட்டு அடுக்குவது, பாட்டுகளைச் சேர்ப்பது, புதுப் புது புரோகிராம்களை இன்ஸ்டால் செய்து பார்ப்பது என்று நேரம் போவதே தெரியாது. அதன் பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு விஷயத்தில் இறங்கிவிடுவோம். ஒருவருக்குக் கேமரா, ஒருவருக்குப் பழைய ரேடியோ, இன்னொருவருக்கு மாடித்தோட்டம், வேறொருவருக்குச் செஸ். அதே விஷயத்தில் பைத்தியமாக இருப்பவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இன்டர்நெட் அவர்களை நம் மேஜைக்கு அழைத்து வந்துவிடும். வந்த இரண்டாவது வாரம் சண்டையும் தொடங்கிவிடும்!

கேனான் கேமரா நல்லதா, நிக்கான் நல்லதா? விண்டோஸா, லினக்ஸா? எம்.பி.3 பைலில் பாட்டுக் கேட்பவருக்குக் காது இருக்கிறதா, இல்லையா? இரவு பன்னிரண்டு மணிக்கு, பெயர் கூடத் தெரியாத ஒருவருக்கு, அவர் நினைப்பது தவறு என்று ஆதாரத்துடன் டைப் செய்துகொண்டிருப்போம். வீட்டில் உள்ளவர்கள் "இன்னும் தூங்கலையா?" என்று கேட்பார்கள். "இதோ, ஒரு நிமிஷம்" என்போம்.

இப்படி வாதம் செய்வதால் ஏதாவது பயன் உண்டா? "வேலையைப் பார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நானும் ஒரு காலத்தில் மற்றவர்களுக்கு அப்படித்தான் அறிவுரை சொன்னேன். ஆனால் ஒரே வாதத்தில் எனக்கு நஷ்டமும் வந்தது, லாபமும் வந்தது. அதனால் என் பதில் சற்று மாறிவிட்டது. கம்ப்யூட்டருக்குப் புதியவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பதினான்கு கேசட்டுகள்

என் அப்பா 1988 முதல் 1995 வரை துபாயில் வேலை பார்த்தார். அப்பத்தா சிவகங்கை பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன் செய்வதென்றால் டவுனுக்குப் போக வேண்டும், செலவும் அதிகம். எனவே டேப் ரெக்கார்டர் முன் உட்கார்ந்து பேசி, அந்தக் கேசட்டை ஊரிலிருந்து துபாய் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். அந்த நாளில் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களின் பல வீடுகளில் இது வழக்கம். கடிதத்துக்குப் பதில் கேசட். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, யாருக்குக் கல்யாணம் என்று எல்லாம் அதில் இருக்கும். அப்பா அப்படி வந்த கேசட்டுகளில் பதினான்கைப் பத்திரமாக ஊருக்குத் திருப்பிக் கொண்டு வந்திருந்தார். எல்லாம் சி-60 வகை. அதாவது ஒரு பக்கம் அரை மணி நேரம், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரம்.

அப்பத்தா காலமாகி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அவர் குரல் வேறு எதிலும் இல்லை. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, இதையெல்லாம் அதுல ஏத்திக் கொடேன்" என்று அப்பா கேட்டார். நான் சாப்ட்வேர் என்ஜினியர். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த வேலை கஷ்டமானது அல்ல. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்தோ லைன்-அவுட் துளையிலிருந்தோ ஒரு கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டு வர வேண்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் இதற்கு லைன்-இன் என்ற துளை இருக்கும். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் அது இல்லை. அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமைத் திறந்து சிவப்பு பட்டனில் கிளிக் செய்தால் பதிவாகத் தொடங்கிவிடும். கேசட் ஓட ஒரு மணி நேரம் என்றால் பதிவாகவும் ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

தொடங்கும் முன் எந்த செட்டிங் வைத்துப் பதிவது என்று சந்தேகம் வந்தது. பழைய டேப், ரேடியோ பிரியர்கள் சிலர் இன்டர்நெட்டில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் கேட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பத்தொன்பது இரவுகள்

ஒலியை எண்களாக மாற்றும்போது இரண்டு அளவுகள் முக்கியம். ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்பது மற்றொன்று. 1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் விநாடிக்கு 44,100 முறை, 16 பிட் நுணுக்கம். "சி.டி. அளவே போதும்" என்பது என் கட்சி. "24 பிட், 96,000 முறை வேண்டும்" என்றார் ஒருவர். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. தமிழில் எழுதினார், அது மட்டும்தான் தெரியும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ஜினியரிங்கில் படித்ததை எல்லாம் எடுத்து வைத்தேன். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் கணக்கில் 16 பிட்டுக்கு 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். சாதாரண கேசட்டில் "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலுக்கும் உரத்த ஒலிக்கும் இடையே உள்ளது 50, 60 டெசிபல்தான். ஒரு சொம்புத் தண்ணீருக்கு எதற்கு அண்டா? பைல் அளவையும் போட்டுக் காட்டினேன். என் முறைப்படி ஒரு கேசட்டுக்குச் சுமார் 635 எம்.பி., அவர் முறைப்படி 2 ஜி.பி.க்கு மேல். அவர் பதில் எழுதினார். நான் பதிலுக்குப் பதில் எழுதினேன். வேறு நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் இப்படி எழுதினார்: "தம்பி, உங்க கணக்கு இருக்கட்டும். முப்பது வருஷக் கேசட்டை அப்படியே போட்டுடாதீங்க. உள்ளே பிரஷர் பேட் ஒட்டியிருக்கான்னு பாருங்க. பசை காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். செட்டோட ரப்பர் பெல்ட்டையும் பாருங்க."

நான் எழுதிய பதில்: "பேச்சை மாற்றாதீர்கள் சார். பிட் கணக்குக்குப் பதில் சொல்லுங்கள்."

இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இப்படிப் பத்தொன்பது இரவுகள், சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், இருபத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. பதினான்கு கேசட்டுகளையும் இரண்டு முறை முழுவதுமாகப் பதிந்திருக்கலாம். அப்பா இடையில் இரண்டு முறை "ஆச்சாப்பா?" என்று கேட்டார். "செட்டிங் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொன்னேன்.

ஒரு முழம் டேப்

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் கேசட்டைப் போட்டேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. வால்யூமைக் கூட்டினேன். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். குரல் இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. டேப் உள்ளே சுற்றிக்கொண்டது.

திறந்து பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. கேசட்டின் நடுவில் ஒரு சின்னத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சுதான் பிரஷர் பேட். அது டேப்பை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும். அது விழுந்துவிட்டதால்தான் ஒலி மங்கியது. செட்டின் ரப்பர் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. ஓடி வரும் டேப்பை வாங்கிச் சுற்ற வேண்டிய சக்கரம் சுற்றவில்லை. டேப் வெளியே தள்ளப்பட்டு ரோலரில் சிக்கிக்கொண்டது. மெதுவாக எடுத்துப் பார்த்தோம். கசங்கிய பகுதி ஒரு முழம் இருக்கும்.

கேசட்டில் டேப் விநாடிக்குச் சுமார் 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். ஒரு முழம் என்றால் ஒன்பது விநாடி. அப்பத்தா ஒன்பது விநாடி பேசியது கசங்கிவிட்டது.

அன்று இரவே அந்த மனிதருக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஸ்குரு உள்ள காலிக் கேசட் ஒன்றை வாங்கி, இரண்டு சக்கரங்களையும் டேப்போடு அப்படியே அதற்குள் மாற்றச் சொன்னார். கசங்கிய பகுதியை விரல் நகம் படாமல் நீவி விடச் சொன்னார். ஹெட்டையும் ரோலரையும் சுத்தம் செய்யும் முறையைச் சொன்னார். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்குருவை, டேப் ஓடும்போதே இம்மியளவு திருப்பினால் ஒலி எங்கே தெளிவாகிறது என்று காது கண்டுபிடித்துவிடும் என்றார். பெல்ட் புதிதாக வாங்கி மாட்டினேன். நான்கு வார இறுதிகளில் பதினான்கும் முடிந்தன.

24 பிட் விஷயத்திலும் அவர் சொன்னதில் பாதி சரி. கேசட்டின் தரத்துக்காக அவர் அதைக் கேட்கவே இல்லை. எங்கே குரல் திடீரென்று உயரும் என்று நமக்குத் தெரியாது. 24 பிட் வைத்தால் ரெக்கார்டிங் அளவைத் தாராளமாகக் குறைத்து வைத்துப் பதியலாம், உரத்த இடத்தில் ஒலி வெட்டுப்படாது, பிறகு சரிசெய்து 16 பிட்டில் சேமித்துக்கொள்ளலாம். அவர் இதை இரண்டாவது நாளே எழுதியிருந்தார். நான் அதைப் படிக்கவில்லை. படித்தேன், ஆனால் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டே படித்தேன். 96,000 விஷயத்தில் மட்டும் இன்றும் என் கட்சியில்தான் இருக்கிறேன். பேச்சு உள்ள கேசட்டுக்கு 44,100 தாராளம்.

பெரியவர்களும் சண்டை போட்டார்கள்

நாம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1991 ஆகஸ்ட்டில் பின்லாந்தைச் சேர்ந்த மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதி வருவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். 1992 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸின் அமைப்பே காலாவதியானது என்று பகிரங்கமாக எழுதினார். டோர்வால்ட்ஸ் படித்த பாடப்புத்தகத்தை எழுதியவரே அவர்தான்! மாணவர் கோபமாகப் பதில் எழுதினார். மறுநாளே, தன் வார்த்தைகள் கடுமையாகிவிட்டன என்றும் ஒப்புக்கொண்டார்.

யார் ஜெயித்தது? அமைப்பு பற்றிய வாதத்தில் இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பேராசிரியர் சொன்ன இன்னொரு குறை, லினக்ஸ் இன்டெல் 386 பிராசஸரை மட்டுமே நம்பி இருக்கிறது என்பது. 1995-ல் வந்த 1.2 பதிப்பிலேயே லினக்ஸ் வேறு வகைப் பிராசஸர்களிலும் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளமும் லினக்ஸ்தான். அந்த ஒரு சண்டையால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. டோர்வால்ட்ஸ் சண்டையும் போட்டார், இரவு உட்கார்ந்து வேலையும் பார்த்தார் என்பதுதான் நான் கவனித்தது. நான் முதலாவதை மட்டும் செய்தேன்.

இன்னொரு உதாரணம். பெரிய எண் ஒன்றைக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் வைக்கும்போது பெரிய பகுதியை முதலில் வைப்பதா, சிறிய பகுதியை முதலில் வைப்பதா என்று ஒரு காலத்தில் பெரும் சண்டை நடந்தது. தேதியை 15-8 என்று எழுதுவதா, 8-15 என்று எழுதுவதா என்பது போலத்தான். 1980-ல் டேனி கோஹன் என்ற விஞ்ஞானி இதைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினார். கலிவரின் பயணங்கள் கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று சண்டை போடும் மக்களின் பெயரையே இரு கட்சிக்கும் வைத்தார். எது என்பதை விட, எல்லோரும் ஒன்றை ஒப்புக்கொள்வதே முக்கியம் என்பது அவர் வாதம். இன்றும் உங்கள் மேஜையில் உள்ள பி.சி. ஒரு முறையிலும், இன்டர்நெட்டின் அடிப்படை விதிகள் மற்றொரு முறையிலும் எண்களை வைக்கின்றன. இடையில் ஒரு சிறிய மாற்றம் செய்து இரண்டும் சுகமாகப் பேசிக்கொள்கின்றன.

எப்போது வாதாடலாம்?

இத்தனைக்கும் பிறகு என் கருத்து இதுதான்: முகம் தெரியாதவருடன் வாதம் செய்வது வீண் அல்ல. யார் சொன்னார் என்று பார்த்துக்கொண்டே வாதம் செய்வதுதான் வீண். அவர் எதிர்க்கட்சி என்பதால்தான் பிரஷர் பேட் என்ற சொல் என் காதில் ஏறவில்லை. என் கட்சியில் இருந்த யாராவது அதே வரியை எழுதியிருந்தால் அன்றே கேசட்டைத் திறந்து பார்த்திருப்பேன்.

இப்போது பதில் எழுத உட்காரும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் டைப் செய்வதை விடச் சோதிப்பது சீக்கிரம் முடியும். உதாரணமாக எம்.பி.3 பைலுக்கும் சி.டி.க்கும் வித்தியாசம் தெரிகிறது என்று ஒருவர் சொல்கிறார். ஒரே பாட்டை இரண்டு விதமாக வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டிப் பார்த்து ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் எது என்று சொல்லுங்கள். பத்து முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் ஒன்பது அல்லது பத்து சரியாக வர 1024-ல் 11 வாய்ப்புதான், அதாவது நூற்றில் ஒன்று. ஒன்பது சரி என்றால் உங்களுக்கு உண்மையாகவே வித்தியாசம் கேட்கிறது. ஐந்து சரி என்றால் சும்மா இருந்துவிடலாம்!

இரண்டாவது கேள்வி: பதில் எப்படி இருந்தாலும் நான் செய்யப்போகும் வேலை மாறுமா? நீங்கள் கேமராவை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இனி எந்தக் கம்பெனி உயர்ந்தது என்று நிரூபித்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கேமராவில் குறைந்த வெளிச்சத்தில் எடுப்பது எப்படி என்று கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரர் கூடச் சொல்லித் தருவார்.

மூன்றாவது கேள்வி: எதைக் காட்டினால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் அது வாதம் அல்ல, பொழுதுபோக்கு. அதற்குச் சினிமா பார்க்கலாம்.

மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால் தாராளமாக வாதாடுங்கள். தவறான தகவலைக் கண்டால் ஒரு முறை, ஆதாரத்துடன், மரியாதையாக மறுத்து எழுதுங்கள். எதிரில் இருப்பவர் ஏற்காவிட்டாலும், ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருக்கும் புதியவர் ஒருவருக்கு அது உதவும். இரண்டாவது முறை எழுதத் தோன்றினால் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

ஒரு சின்ன உத்தியும் சொல்கிறேன். நோட்பேடில் ஒரு பைல் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாதத்தில் யார் எழுதியதானாலும், செய்து பார்க்கக்கூடிய வரியை மட்டும் காப்பி செய்து அதில் ஒட்டுங்கள். எழுதியவர் பெயரை ஒட்டாதீர்கள். மறுநாள் காலை அந்தப் பைலை மட்டும் படியுங்கள். யார் சொன்னது என்பது பாதி மறந்திருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் நிற்கும். நான் அப்படிச் செய்திருந்தால் என் பைலில் முதல் வரியே "பிரஷர் பேடைப் பார்" என்றுதான் இருந்திருக்கும்.

கேசட்டுகளின் பைல்களை அப்பாவின் போனிலும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருக்கிறோம். அவர் காலையில் காபி குடிக்கும்போது கேட்பார். முதல் பைலில் ஐந்தாவது நிமிடத்தில் அப்பத்தா மேல வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் தண்ணீருக்குள் போனது போல் ஆகி, ஒன்பது விநாடி கழித்து மேலே வரும். துபாயில் இருந்தபோது பல முறை கேட்ட கேசட்தானே, அந்த இடத்தில் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார்.